சபை மாற்றுக் கடிதம்

உறுப்பினர் பதிவேட்டில் மேரியனின் பெயருக்கு நேரே 'மரணம்' என்று எழுதியிருக்கவில்லை.

ஹாலிஸ் விரலை வைத்து மறுபடி பார்த்தான். ஆலயத்தின் முன்னூறு ஆண்டுப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. மனைவி மேரியன் இறந்த பிறகு அவனாகக் கேட்டு வாங்கியது; யாரிடமும் பேச வேண்டியிருக்காது. புதன்கிழமை மதியம். ஜன்னலுக்கு வெளியே கடல்நீர் வடிந்துபோய், சதுப்புச் சேற்றின் கந்தக வாடையும் வெயிலில் காயும் சிப்பிகளின் உப்பும் அலுவலகத்துக்குள் வந்துகொண்டிருந்தன. பக்கத்து அறையில் ஆறு வயது மகள் ஜூன் வண்ணம் தீட்டியபடி ஞாயிறு பள்ளிப் பாட்டொன்றை முனகிக்கொண்டிருக்க, அந்த முனகல் சுவரைத் தாண்டி அவன் முதுகில் பட்டுக்கொண்டே இருந்தது.

'நீக்கம்' என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: சபை மாற்றம். திருச்சிலுவை ஆலயம், டாரி தீவு. மார்ச் 4.

அவள் இறந்தது மார்ச் 9. பெட்டியின்மேல் முதல் பிடி மண் அவன் போட்டது.

"மிஸ் ஒபீலியா, இது உங்க கையெழுத்துதானே?"

முப்பது வருடமாக ஆலயச் செயலாளராக இருக்கும் ஒபீலியா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "இந்தக் கோழிக் கிறுக்கல் வேற யாருக்கு வரும்? கடிதம் வந்துச்சு தம்பி. எங்க சபைக்கு வர்றாங்க, பேரை மாத்திக் குடுங்கன்னு. தினம் ஒரு தீவுக்குப் புதுப் பேர் வச்சு வீடு கட்டி விக்கிறானுங்க, அதுல ஒண்ணுல வாங்கிட்டீங்களாக்கும்னு நெனச்சேன்."

"அப்புறம் அவ செத்தது?"

"ஒரு வரிக்கு ஒரு காரணந்தான். கடிதம் முந்திக்கிச்சு." அவள் குரல் தணிந்தது. "அடிச்சிட்டு எழுதியிருக்கணும். மன்னிச்சிடு கண்ணு."

அவனுக்குக் கோபம் வரவில்லை. ஆறு மாதமாக எதுவும் வருவதில்லை. ஆனால் டாரி தீவு. போன வாரம்தான் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்திருந்தான். 1893 புயலில், ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது, கடல் அந்த ஆலயத்தை ஆட்களோடு எடுத்துக்கொண்டது. தீவே இப்போது இல்லை. நீர் வடியும்போது படகுத்துறைக்கு அப்பால் தலைகாட்டும் ஒரு சேற்றுத்திட்டு, அவ்வளவுதான்.

பழைய ஏடுகளை இழுத்தான். 1911: லிடியா ஃபிராம்டன், டாரி தீவுக்கு மாற்றம். ஆறு மாதம் கழித்து அவள் மகன்கள் இருவர். 1938: ஒரு தாய். பிறகு அவள் மகள். அடக்கப் பதிவேட்டில் தாய்மார்களுக்குக் கல்லறை எண் இருந்தது. பிள்ளைகளுக்கு இல்லை. பிள்ளைகளின் வரி முடிகிற இடத்தில் மட்டும், வேறு யாரோ எழுதிய ஒரு சொல், பழுப்பு மையில்: பெறப்பட்டது.

"மிஸ் ஒபீலியா. வேற கடிதம் ஏதாச்சும் வந்துச்சா?"

"பாப்பாவுக்கு வந்துச்சே, திங்கக்கிழமை. நீ வீட்டை வித்துட்டுக் கெளம்புறேன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. தாய் பேரு போன சபைக்குத்தானே பிள்ளை பேரையும் அனுப்புவோம்? நேத்தே பதில் போட்டுட்டேன்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏம்ப்பா? என்ன பண்ணிட்டேன் நான்?"

அவன் மகளின் வரியைத் தேடிப் பிடித்தான். ஒபீலியாவின் கறுப்பு மை. சபை மாற்றம். பேனாவை எடுத்து அடித்தான். தாள் ஈரமாக இருந்தது. கோடு கலங்கி வடிந்தது. மறுபடி அடித்தான். மறுபடி வடிந்தது.

அவன் விரலுக்குப் பக்கத்தில், தாளுக்கு உள்ளிருந்து, பழுப்பாக ஓர் எழுத்து ஊறி வந்தது. அடுத்து இன்னொன்று.

பக்கத்து அறையில் முனகல் நின்றது.

நாற்காலி காலி. பின்கதவு திறந்திருந்தது.

ஓடினான். கல்லறைகள். புல். படகுத்துறை. பலகையின் முனை.

நல்ல வெயில். திட்டின்மேல் அவர்கள் மண்டியிட்டிருந்தார்கள். திருவிருந்துக்கு மண்டியிடுவதுபோல ஒரே வரிசையாக, முன்னால் பீடம் இல்லாமல், வலது கையை இடது கைமேல் வைத்துக் குவித்தபடி. ஆண்கள். பெண்கள். நிறையப் பிள்ளைகள்.

ஜூன் சேற்றின்மேல் நடந்துகொண்டிருந்தாள். அவள் பாதம் புதையவில்லை.

"ஜூன்! அப்பா இங்க இருக்கேன்டா! திரும்புடா!"

குதித்தான். சேறு தொடையைப் பிடித்தது. இன்னும் ஓர் அடி. இடுப்பு. அதற்குமேல் கால் வரவில்லை. பின்னால் துறையில் ஒபீலியா அலறுவது கேட்டது.

மேரியன் சற்று நகர்ந்து இடம் விட்டாள். ஜூன் அங்கே மண்டியிட்டாள். அம்மா அவள் சின்னக் கைகளை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, குவித்துக் கொடுத்தாள்.

வரிசையின் கோடியிலிருந்து உயரமான ஏதோ ஒன்று, குனிந்து, நிமிர்ந்து, குனிந்து, ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தது. நீர் ஏறத் தொடங்கியது. அது ஜூன் முன்னால் வந்து நின்றது.

அவள் வாயைத் திறந்தாள்.