நாற்பது நிமிடக் கெடு

வலது தோள்பட்டை காலையிலிருந்தே குடைந்துகொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு நாள் அறுவைப்பொறியைத் தூக்கிய தோள். அந்த வலியில்தான் முப்புடாதி அவசரப்பட்டாள். ஆரல்வாய்மொழிப் பொட்டலில் பழைய காற்றாலையின் கடைசி இறக்கை புழுதியைக் கிளப்பிக்கொண்டு படுத்ததும், கழுத்தில் தொங்கிய, ஒப்புதல் பதியும் ஒப்புவில்லையை அழுத்தி, 'வேலை முடிந்தது' என்று எட்டுப் பேர் குழுவின் சார்பில் கண்ணிப்பேட்டில், யாரும் அழிக்க முடியாத அந்தக் கணினிக் கணக்கேட்டில், ஏற்றிவிட்டாள்.

அந்தக் குழுவின் கணக்கில், இறக்கை மண்ணைத் தொட்டால் வேலை முடிந்தது. மேலே கயிறு கழற்றுகிறவன் கணக்கில் சேர்த்தியில்லை. எப்போதும் அப்படித்தான்.

கீழே நின்ற ஏழு பேரின் வில்லைகளும் நீலமாக ஒளிர்ந்தன. மொத்தக் கூலியும் வந்துவிட்டது. எட்டுப் பேரும் தத்தம் வில்லையை அழுத்தினால் பங்கு பிரியும். நாடித்துடிப்பு படித்தால்தான் வில்லை ஏற்கும். ஒருவர் வில்லையை இன்னொருவர் அழுத்த முடியாது. நாற்பது நிமிடத்துக்குள் எட்டில் ஒன்று குறைந்தாலும் காசு அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

இரண்டு விதியும் தொழிலாளிகள் கேட்டு வாங்கியவை. கெடு இல்லாத காலத்தில் ஒப்பந்தக்காரர்கள் பேட்டில் ஏற்றும் கட்டணத்தை அடிமட்டமாகக் கட்டிக் கூலியை அனுப்புவார்கள். அது பேட்டில் ஏறாமல் மாதக்கணக்கில் அந்தரத்தில் தொங்கும். கேட்டால், "அனுப்பியாச்சே" என்பார்கள். ஏறியதையும் தலைவன் ஒருவனே வாங்கி ஆளுக்கு அரைகுறையாகக் கொடுப்பான். நான்கு வருடத்துக்கு முன் பத்தொன்பது நாள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து, இரண்டையும் மாற்றினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தவள் முப்புடாதி.

பத்து நிமிடம் ஆயிற்று. கீழே ஏழு பேரும் அழுத்தியாயிற்று. மேலே கயிறு கழற்றப் போன ஆவுடைக்கண் இறங்கவில்லை.

"மேல குடும்பம் நடத்துதானோ?" என்றாள் ஜெபராணி. எல்லோரும் சிரித்தார்கள்.

முப்புடாதி கோபுரத்தின் அடிக்கதவுக்குள் தலையை நீட்டினாள். எண்பது மீட்டர் இரும்புக் குழாய். பகலெல்லாம் வெயில் குடித்து உள்ளே உலையாகக் கொதித்தது.

"ஏல ஆவுடை!"

சற்றுக் கழித்து மேலிருந்து முனகல் வந்தது. "யக்கா... காலு ரெண்டும் இழுத்துக்கிட்டு. கண்ணு இருட்டுது."

குழாய்க்குள் அலைவரிசை கிடையாது. வில்லை அங்கே வெறும் ஓடு. கீழே வர வேண்டும், இல்லையென்றால் உச்சித் திறப்புக்கு ஏற வேண்டும். அவன் சிக்கியிருந்த இடத்திலிருந்து உச்சிக்குப் பன்னிரண்டு படி.

முப்புடாதி மேற்பார்வையாளன் லிங்கதுரையிடம் ஓடினாள். அவனும் ஒருகாலத்தில் இந்தக் குழுவில் இறக்கை அறுத்தவன்தான்.

"கெடுவ நீட்டச் சொல்லுல."

"ஏறுனது ஏறுனதுதாங்க்கா. முதலாளியே நெனச்சாலும் தொட முடியாது. அப்படித்தான வேணும்னு கேட்டோம்?"

அதற்குள் ஜெபராணி இடுப்பு வாரை மாட்டியிருந்தாள். குழுவில் ஏறுவதற்கு அவளை மிஞ்ச ஆளில்லை. மகளுடைய செவிலியர் படிப்புக்குத் திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும். காலையிலிருந்து அதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் புட்டியையும் ஒரு கயிற்று நுனியையும் முதுகில் கட்டிக்கொண்டு, "பன்னெண்டு படிதான, கழுத்தப் புடிச்சாவது ஏத்திருதேன்" என்று உள்ளே புகுந்தாள்.

அவள் போய்ச் சேர இருபது நிமிடம் பிடித்தது. மீதி ஆறு நிமிடம்.

"ஏத்திட்டியா ஜெபா?" முப்புடாதியின் குரல் குழாயில் மோதி மோதி ஏறியது.

மேலே கயிற்றைக் கொக்கியில் மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கயித்தக் கொஞ்சங்கொஞ்சமா விடுங்க. எறக்கப் போறேன்."

"ஏட்டி, எறக்க அரை மணி நேரம் ஆவும்! மேல பன்னெண்டு படிதான? எட்டுப் பேரு சோறுட்டி அது. கொஞ்சம் தள்ளி ஏத்திரு."

"தண்ணி உள்ள எறங்க மாட்டேங்குது, வாயோரமா வழியுது. நீ வந்து இவன் மூஞ்சியப் பாத்துட்டு அந்த வார்த்தையச் சொல்லு."

முப்புடாதி கயிற்றை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு காலை ஊன்றினாள். மற்றவர்களும் வந்து பிடித்தார்கள். குழாய்க்குள் இளைப்பாற வைத்திருந்த ஒவ்வொரு தட்டிலும் நிறுத்தி, அவன் மூச்சு வாங்கக் காத்து, மறுபடி விட்டார்கள். மேலிருந்து இரண்டாவது தட்டில் அவன் இருந்தபோது கீழே ஆறு வில்லைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. கயிற்றை யாரும் விடவில்லை.

வெளியே கிடத்தி, ஈரத்துணி போட்டதும் ஆவுடைக்கண் கண் திறந்தான். முதலில் தன் வில்லையைத்தான் தடவினான்.

"நான் ஏறியிருப்பேன்க்கா."

"மூடிக்கிட்டுத் தண்ணியக் குடி" என்றாள் ஜெபராணி.

லிங்கதுரை தயங்கித் தயங்கி வந்தான். "காசு முதலாளிட்ட திரும்பிட்டு. திரும்புன மூணாவது நிமிஷம் அவருக்குக் கடன் குடுத்தவன் எடுத்துட்டான். அதுவும் கெடு வச்ச ஒப்பந்தந்தான். அவரு பையில பைசா இல்லக்கா. அழுதாரு."

"பேட்டுல என்ன போட்டிருக்கு?"

அவன் கைத்திரையைப் பார்த்து வாசித்தான். "வழங்கப்பட்டது. ஏற்கப்படவில்லை. இரு தரப்பிலும் பாக்கி இல்லை."

கடைசி வாசகம் முப்புடாதி சொல்லி எழுத வைத்தது. முன்பெல்லாம் ஒப்பந்தக்காரர்கள் ரத்தான கூலியைக் காட்டி, 'முன்பணம் வாங்கியிருக்கிறாய், உழைத்துக் கழி' என்று ஆட்களைக் கட்டிப்போட்டார்கள். அதை உடைக்கத்தான் அந்த வரி. லட்சம் கணினிகளில் அது அழியாமல் ஏறியிருந்தது. எந்த நீதிமன்றமும் பேட்டைத்தான் பார்க்கும்.

"அது சொல்லுதத விடு" என்றாள். "நீயும் ரோட்டுல உக்காந்தவன். நீ சொல்லு. யாரு யாருக்கு என்ன தரணும்?"

லிங்கதுரை சுற்றிலும் பார்த்தான். பிறகு கைத்திரையை அணைத்தான்.

"முதலாளி உங்க எட்டுப் பேருக்கும் அம்பத்திரண்டு நாள் கூலி தரணும். அஞ்சு லட்சத்து எம்பத்திரண்டாயிரத்து நானூறு ரூவா."