முந்நூற்று நாற்பது எம்.பி. மௌனம்

ஜயஸ்ரீயின் விரல்கள் கீபோர்டில் பறந்தன. சர்வரில் இரண்டே சதவீத இடம்தான் பாக்கி. ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிந்ததும் பூஜை போட்டு ஹாரன் சோதனை அறையைத் திறப்பார்கள். அதற்குள் ஆயுத பூஜை விடுமுறையின் ஒலிப்பதிவுகளைச் சுருக்கி இடம் பண்ணாவிட்டால், ஆய்வுக்கு வரும் கஸ்டமர் கண்ணெதிரிலேயே ரெக்கார்டர் நின்றுபோகும். திங்கள் காலை மணி எட்டு ஐந்து.

இன்டர்காம் அலறியது. கேட்டிலிருந்து சூப்பர்வைசர் கண்ணப்பன்.

"இன்னாமா, முட்ச்சிட்டியா?"

"இப்பதான் சார் ஆரம்பிச்சிருக்கேன். மாறும் பிட்ரேட்ல போடறேன்."

"நீ இன்னா சினிமா பாட்டா ரெக்கார்டிங் பண்ணினு கீற? வெறும் ரூமு. இருக்கறதுலயே கம்மில போட்டு அமுக்கு."

"நாளைக்கு கஸ்டமர் கேட்டா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

சிரித்தார். "உன் லேப் தோஸ்து லோகேஷ் இன்னும் வர்ல. செல்போனக்கூட கேட்டாண்ட டப்பாலயே வுட்டுட்டு ஊருக்கு ஓடிட்டான். அவன் பொண்டாட்டி செக்யூரிட்டிக்கு போன் மேல போன். எங்க சுத்தினு கீறானோ!"

மாறும் பிட்ரேட்டின் சூட்சுமம் எளிது. சத்தம் உள்ள இடத்துக்கு அதிக இடம் ஒதுக்கும்; அமைதியை மடித்து வைத்துவிடும். ரெக்கார்டர் தினமும் மாலை ஐந்துக்குப் புதுக் கோப்பு தொடங்கும். தடிமனான பஞ்சு முக்கோணங்கள் பதித்த அந்த அறையில், ஆளில்லாத ஒரு முழு நாள் முந்நூற்று நாற்பது எம்.பி.யைத் தாண்டியதே இல்லை.

வியாழன் மாலைக் கோப்பு சுருங்கி முடிந்தது.

தொள்ளாயிரத்து எண்பது.

அவள் திரையை மறுபடி பார்த்தாள். அறையில் ஒன்றுமில்லை, வியாழன் சாயங்காலமே கண்ணப்பன் பூட்டி, கதவில் மாலை போட்டு, சாவியைப் பூஜைத் தட்டில் வைத்தாயிற்று. ஏசி கூட இல்லை. பிறகு இந்த எடை எதனுடையது? இடம் மிச்சமாகட்டும் என்று பிட்ரேட்டை முப்பத்திரண்டுக்கு இறக்கி மீண்டும் போட்டாள். ஹெட்போனை மாட்டினாள்.

குமிழிகள். தரத்தை ரொம்பக் குறைத்தால் வரும் அந்த நீர்ச்சத்தம், தொட்டிக்கு அடியில் யாரோ வாய் திறந்து மூடுவதைப் போல. பழகிய குறைதான், அவளுக்குத் தெரியும். ஆனால் குறைக்கு ஒழுங்கு கிடையாது. இது மூன்று முறை வந்தது, நின்றது, மறுபடி மூன்று முறை வந்தது. வாடிய சாமந்தியின் புளிப்பும் சாம்பிராணியின் பழைய வாசனையும் அடைத்த லேபில் ஏதோ கனத்தது. வெளியே ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் உறுமிப் போவது ஹெட்போனைத் தாண்டி மங்கலாக வந்து தேய்ந்தது.

உச்ச தரம். முந்நூற்று இருபது. வியாழன் பூஜை முடிந்த நேரம், ஐந்தே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டாள்.

குமிழி உடைந்தது.

தொப். தொப். தொப். பஞ்சில் உள்ளங்கை விழும் சத்தம். பிறகு மைக்குக்கு வெகு அருகில், தூக்கம் கலையாத, கொஞ்சம் சிரிப்புகூட ஒட்டிய தெற்கத்திக் குரல்.

"யக்கா... ஜெயாக்கா. அசந்துட்டேன். கதவத் தொறங்க."

டபுள் டூட்டி பார்த்தவர்கள் அரை மணி நேரம் கண்ணயரும் இடம் அது. உள்மூலையில், பஞ்சுத் தடுப்புக்குப் பின்னால். அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

"மைக்கு ஓடுதுல்லா? வெளிய செவப்பு லைட்டு மின்னும்லா? பாத்துருவீய. நான் இங்கனயே நிக்கேன்."

இன்டர்காமை அவள் பிடித்த பிடியில் ரிசீவர் மேசையில் மோதியது. "சார், சாவி! ரூமுக்குள்ள லோகேஷ் இருக்கான்!"

"இன்னாமா வெளாட்றியா? சாவி தட்டுல கீது, தட்டு எம்.டி. காருல. சேரப்பணஞ்சேரியாண்ட டிராஃபிக்ல நிக்குதாம்."

"சார், வியாழக்கிழமைலேர்ந்து!"

மறுமுனையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். பிறகு, "மெயின்டனன்ஸ் ரூமாண்ட கட்டர் கீது. எட்த்தாறேன். நீ கதவாண்ட நில்லு."

நிற்க முடியவில்லை. கை தன்பாட்டில் அடுத்த கோப்புக்குப் போனது. வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை. எழுநூற்றுப் பத்து. நடுவில் ஓரிடத்தைத் தொட்டாள். குரல் காய்ந்த ஓலையாகியிருந்தது.

"லைட்டப் பாருங்கக்கா."

அவ்வளவுதான். அதையே. நிமிடத்துக்கு ஒரு தடவை. அதையே.

சனி மாலைக் கோப்பு முடிந்து, திரையில் எண் விழுந்தது.

முந்நூற்று நாற்பத்தொன்று.

அவள் அதைத் திறக்கவில்லை. நேற்று மாலைக் கோப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் திறக்கவே முடியாது.

கதவு. ஓடினாள். இரும்பில் குத்தினாள். கத்தினாள். இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் போகாது. அதற்காகத்தான் கட்டியது. கண்ணப்பனின் பூட்ஸ் சத்தம் எங்கோ ஷெட்டின் கடைசியில். தூரம். ரொம்பத் தூரம்.

விளக்கு. உள்ளே மைக்கில் சின்னச் சத்தம் விழுந்தாலும் மினுக்கும் சிவப்பு விளக்கு. சோதனை நடக்கும்போது யாரும் திறந்துவிடக் கூடாதென்று கதவு நெற்றியில் வைத்தது. இப்போது அது தெரியவில்லை. அந்த இடத்தில் சந்தனம். நடுவில் குங்குமம். தடிமனாக.

நகத்தால் பெயர்த்தாள். பில்லையாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அடியில் கண்ணாடி இருட்டாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். இருட்டாகவே இருந்தது.

வியாழக்கிழமை அப்படியில்லை. பூஜை முடிந்து குரூப் போட்டோவுக்கு நின்றபோது அது மினுக்கிக்கொண்டிருந்தது. மூன்று முறை, நின்று, மூன்று முறை. அவள் பார்த்தாள். லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்தாள். போட்டோவில் கண் கூசுகிறது என்று யாரோ சொல்ல, தட்டிலிருந்து சந்தனத்தை வழித்து அப்பியவள் அவள்தான்.

உள்ளங்கையில் கிடந்த பில்லையில், குங்குமத்தின் மேல், அவள் கட்டைவிரல் ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது.