வந்திருக்கு... ஆனா எப்போ?

'வீல்' என்று ஓர் அலறல்.

பிஸ்கட் ஃபேக்டரி கேன்டீனில் அத்தனை ஸ்பூன்களும் பாதியில் நின்றன. முதலாளி சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தார். அலறியது எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி. அவள் முன்னால், வீட்டிலிருந்து கொண்டுவந்த டிஃபன் பாக்ஸ்.

பிணம்... ஒரு கண்ணைத் திறந்தது.

"சூப்புல கிருமியைக் கலந்துட்டான்... உன் தம்பி."

தம்பிதான் கேன்டீனின் தலைமைச் சமையல்காரன். கரண்டியும் கையுமாக ஓடி வந்தான்.

"மாமா... நானா?"

"நீயேதான்டா. போலீஸைக் கூப்பிடுங்க. ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. ரத்தம் மட்டும் போதும்."

சாகப்போகிறவர் இத்தனை விவரமாகப் பேசுவது கொஞ்சம் இடிக்கத்தான் செய்தது. ஆனால் முதலாளி பேச்சை யார் மறுப்பது?

இன்ஸ்பெக்டர் வந்தார். சூப் கிண்ணத்தைக் கைப்பற்றினார். ரத்தம் லேபுக்குப் போனது.

ஃபேக்டரியின் மருத்துவ அறையில் முதலாளி முனகிக்கொண்டிருந்தார். மனைவி ஒரு கையால் கணவனையும் மறு கையால் தம்பியையும் பிடித்திருந்தாள். எந்தக் கையை விடுவது என்று தெரியாமல் அழுதாள்.

சாயங்காலம் டெலிபோன் அலறியது.

"இன்ஸ்பெக்டர் சார், லேப் டாக்டர் பேசறேன். அவர் ரத்தத்துல பார்த்துட்டேன். வயித்துப்புண் கிருமி வந்திருக்கு. ஆனா..."

"ஆனா ஆவன்னாவெல்லாம் கோர்ட்டுல வந்து சொல்லுங்க டாக்டர்."

போனை வைத்தார். விலங்கு 'க்ளிக்' என்றது.

"அக்கா, சத்தியமா உப்பு, மிளகைத் தவிர நான் எதுவும் போடலக்கா..."

வாசல்வரை இழுத்துப் போயிருப்பார்கள். ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்து நின்றது. லேப் டாக்டர் இறங்கினாள். இன்ஸ்பெக்டரையும் தம்பியையும் அப்படியே மருத்துவ அறைக்குத் திரும்ப ஓட்டி வந்தாள்.

"முழுசாக் கேக்காம போனை வெச்சா எப்படி சார்? வந்திருக்குன்னுதான் சொன்னேன். உள்ளே இருக்குன்னு சொன்னேனா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"'மாமியார் வந்திருக்காங்க'ன்னா, இப்ப வீட்டுல இருக்காங்க. 'இதுக்கு முன்னாடி வந்திருக்காங்க'ன்னா, வந்துட்டுப் போயிட்டாங்க. நான் சொன்னது ரெண்டாவது."

மாமியார் என்றதும் இன்ஸ்பெக்டருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"கிருமி நுழைஞ்சா, எதிர்க்க உடம்பு ஒரு படையைத் திரட்டும். ரத்தத்துல நாங்க பார்க்கறது அந்தப் படையைத்தான். கிருமி ஒழிஞ்ச பிறகும் அது ரொம்ப காலம் காவல் நிக்கும். ஆனா திரள்றதுக்கே வாரக்கணக்காகும் சார். மத்தியானச் சூப்புக்குச் சாயங்காலமே படை வராது."

முதலாளியின் முனகல் நின்றுவிட்டது.

டாக்டர் ஒரு பையை நீட்டினாள். "ஒரு மாத்திரையை முழுங்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு இதுல ஊதட்டும். கிருமி இப்ப இருந்தா மூச்சே காட்டிக் கொடுத்துடும்."

முதலாளி போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"ஊதுங்க," என்றாள் மனைவி.

"வேண்டாம்மா... இப்ப இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி வந்தது. மருந்து சாப்பிட்டேன், போயிடுச்சு. ரத்தத்துல மட்டும் அடையாளம் இருக்கும்னு அப்பவே சொன்னாங்க."

மனைவி அவர் கையை உதறினாள்.

"பழைய வியாதியை வெச்சு என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்களா? அப்படி என்னங்க பண்ணினான் உங்களுக்கு?"

முதலாளி போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் கைப்பற்றி மேஜைமேல் வைத்திருந்த சூப் கிண்ணத்தைக் காட்டினார்.

கிருமிதான் இல்லையே என்று இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டார்.

முகம் அஷ்டகோணலாயிற்று. ஜன்னலுக்கு ஓடினார். திரும்பி வந்து ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"சார்... தினமுமா?"

"தினமும்."

"வேலையை விட்டு எடுத்திருக்கலாமே?"

"இவகிட்ட யாரு சார் சொல்றது?"

விலங்கைத் திறக்க எடுத்த சாவியை இன்ஸ்பெக்டர் மறுபடி சட்டைப் பையில் போட்டார்.

"என் தம்பி கைப்பக்குவத்துக்கு என்ன சார் குறைச்சல்?" மனைவி சீறினாள். "நானே சாப்பிட்டிருக்கேன்."

தம்பியின் பார்வை மெதுவாக அவள் இடுப்பில் இடுக்கியிருந்த டிஃபன் பாக்ஸுக்குப் போனது.

"அக்கா... நீயுமா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"சாப்பிட்டிருக்கீங்க, சரிம்மா... இப்பவா, எப்பவோவா?"