முன்னறிவி சொல்லாத மதிப்பெண்

முன்னறிவகத்திற்கு இரண்டு வாயில்கள் இருந்தன. மறுமுறை தேர்வெழுதினால் இடம் கிடைக்கும் என்று முன்னறிவிப் பொறி யாருக்குச் சொன்னதோ அவர்கள், கையில் கற்கண்டுடன் முன்வாயில் வழியே வெளியேறினர். கிடைக்காது என்று அது சொன்னவர்களைப் பின்வாயில் வழியே மிகுந்த மரியாதையுடன் அனுப்பிவைத்தனர். செங்கனி பின்வாயிலில் நின்றிருந்தாள்.

முன்னறிவியின் நெற்றிப்பட்டை அழுத்திய தடம் இன்னும் மறையவில்லை. மூளையில் படிந்த கல்விச் சுவடுகளையும் மனத்தின் பதற்றத்தையும் அளந்து, மறுபடி எழுதினால் ஒருவர் பெறப்போகும் மதிப்பெண்ணை அந்தப் பொறி முன்கூட்டியே சொல்லிவிடும். மருத்துவ நுழைவுத் தேர்வில் ஒருமுறை தவறிய செங்கனிக்கு அது ஐந்நூற்றுப் பத்து என்றது. இடம் கிடைக்க ஐந்நூற்று நாற்பது வேண்டும்.

"விடு கண்ணு," என்றார் அம்மா பிரியதர்ஷினி. அரூர் பேருந்து நிலையத்தருகே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர் அவர். "உன் வயசுல எனக்கும் இதே மெஷின் கிடைக்காதுன்னுதான் சொல்லுச்சு. கேட்டுக்கிட்டேன். குடியா முழுகிப் போச்சு?"

"நீ எழுதிப் பாத்தியாம்மா?"

"தோத்துடுவேன்னு தெரிஞ்சப்புறம் எவளாவது போய் எழுதுவாளா?"

சுவரில் பெரிய எழுத்துகள் ஒளிர்ந்தன: 'இருபத்தைந்து ஆண்டுகள். ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.' முடியும் என்று கேட்டவர்கள் தெம்புடன் எழுதி வென்றார்கள். முடியாது என்று கேட்டவர்களோ தேர்வறைப் பக்கமே போகவில்லை.

"பொய்யாகுறதுக்கு யாராச்சும் விட்டாத்தானேம்மா," என்றாள் செங்கனி. அம்மா எவ்வளவு தடுத்தும் கேளாமல், அன்றே வட்ட அலுவலகத்திற்குச் சென்று மறுதேர்வுக்குக் கருவிழியைப் பதிவு செய்தாள்.

செய்தி முன்னறிவகத்தை எட்டியது. மறுவாரமே அதன் மேலாளர் இன்பராஜ் வீடு தேடி வந்தார். மோரை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"எங்க நிறுவனத்துக்குச் சொந்தமா ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கு. அதுல பாப்பாவுக்கு ஒரு இடம். ஒரு பைசா கட்ட வேணாம். பாப்பா பரீட்சை மட்டும் எழுதாம இருந்தாப் போதும்."

"கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருக்கு சார்!" அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

 செங்கனி கேட்டதெல்லாம் அந்த ஓர் இடம்தான். தலையசைத்தால் போதும், கைக்கு வந்துவிடும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் தோத்துடுவேன்னு உங்களுக்கு நிச்சயம்தானே சார்?"

"அதுல என்ன சந்தேகம்மா?"

"அப்போ நான் எழுதுனா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

இன்பராஜ் மோரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.  

"மன்னிச்சுக்கங்க சார். நான் எழுதுறேன்."

அவர் போனபின் அம்மா பொங்கினார். "வீடு தேடி வந்த லட்சுமியைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டியேடி!" தேர்வு முடியும்வரை மகளுடன் பேசவில்லை, சோறு மட்டும் வேளை தவறாமல் வந்தது.

செங்கனி எழுதினாள். ஐந்நூற்று இருபத்தேழு பெற்றாள்.

அவள் தோற்றாள் என்பது உண்மை. ஆனால் முன்னறிவி சொன்ன மதிப்பெண்ணில் தோற்கவில்லை. அந்தப் பதினேழு மதிப்பெண் வித்தியாசம் தமிழகம் முழுவதும் காட்டுத்தீயாய்ப் பரவியது. முன்னறிவகத்தார் சுவரிலிருந்த எழுத்துகளை அணைத்தார்கள். அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. ஆகவே இருபத்தைந்து ஆண்டுகளாகப் பின்வாயில் வழியே போனவர்கள் எல்லாம் மறுதேர்வு எழுத ஊர் ஊராக எழுந்து வந்தார்கள். அடுத்த ஆண்டு அறுநூறு எடுத்தாலும் இடம் கிடைப்பது அரிது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

தானே திறந்துவிட்ட மடையில் தானே நீந்த வேண்டும். செங்கனி மறுபடி பதிவு செய்ய வட்ட அலுவலகம் சென்றாள். வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. கடைசியாக நின்றிருந்த பெண்ணின் தோளைத் தொட்டு, "அக்கா, கடைசி ஆள் நீங்கதானே?" என்றாள்.

பிரியதர்ஷினி திரும்பினார்.

"அம்மா? நீ எங்கம்மா இங்க?"

"ஏன், உனக்குச் சொன்னதுதான் பொய்யி, எனக்குச் சொன்னது மட்டும் மெய்யா இருக்கணுமா?" அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பேசாம பின்னாடி நில்லு. இடம் ஒண்ணுதான் மிச்சம்னா, பெத்த பொண்ணுன்னுகூடப் பாக்க மாட்டேன்."