மெழுகில் வரைந்த மலை

அம்சவல்லி காலி வாளியை ஓங்கி ஓர் உதை விட்டாள். அது கடகடவென்று உருண்டுபோய்ச் சீதாவின் காலடியில் நின்றது.

“வாளி என்னடி செஞ்சுச்சு?” என்றாள் அடுத்த வீட்டுச் சீதா.

“பைப்ப வந்து பாரு. இன்னைக்கும் மைலோதான் வருது!”

குழாய்த் தண்ணீர் அசல் மைலோ பானத்தின் பழுப்பு நிறத்தில்தான் இருந்தது. புதுத் தேயிலை வைப்பதற்காக எஸ்டேட்டில் மேல்மலைக் காட்டை வெட்டத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். மழை பெய்தால் போதும், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வரும் தண்ணீரில் செம்மண் கலந்துவிடும். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சினார்கள். துவைக்கிற தண்ணீரை யார் வடிகட்டுவது? லயத்துப் பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் எல்லாம் பழுப்பாகிவிட்டன.

மழை இல்லாத நாட்களில் வெயில் கொளுத்தியது. முன்பெல்லாம் காலை வெகுநேரம் வரை மலையை மூடியிருக்கும் பனிமூட்டம் இப்போது சீக்கிரமே கலைந்துபோனது. போன வாரம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்சவல்லியின் அம்மா வேலாயி, தலை சுற்றிக் கூடையோடு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“கேமரன்ல இப்படி ஒரு வெயில நான் பார்த்ததே இல்லலா,” என்று சொல்லிவிட்டு அம்மா மறுநாளும் வேலைக்குப் போனாள். அதை நினைத்தாலே அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பள்ளியில் அந்தக் கோபம் இரண்டு மடங்கானது.

“வெள்ளிக்கிழமை நம்ம பள்ளிக்கூடத்துக்கு எஸ்டேட் மேனேஜர் பெரிய துரை வர்றார்,” என்றார் தலைமையாசிரியர் ராமசாமி. “எல்லாரும் பளிச்சுன்னு வரணும். பழுப்புச் சட்டைக்காரங்க பின்வரிசையில உக்காருங்க.”

அம்சவல்லி எழுந்து நின்றாள். “சார், நாங்க துவைச்சுத்தான் போடுறோம். தண்ணிதான் சார் பழுப்பு!”

“எதிர்த்துப் பேசாத. நீ நல்லா வரைவேல்ல? ‘அழகிய கேமரன் மலை’ன்னு பெரிசா ஒரு படம் போட்டுக் கொண்டா. துரைக்குக் காட்டணும்.”

படம் மட்டும் முன்னால் நிற்க வேண்டும். வரைந்தவள் பின்வரிசையில் உட்கார வேண்டும்! அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

பள்ளி விட்டதும் ஓவியம் சொல்லித்தரும் சாம்பசிவம் சார் ஒரு பெரிய வெள்ளைத் தாளைக் கொடுத்தார். அதில் அழகான மலையை வரைய அவளுக்குக் கை வரவில்லை.

“வாடி, மேல போய்ப் பார்த்துட்டு வரலாம்,” என்று சீதாவை இழுத்துக்கொண்டு மலையேறினாள்.

மேலே காடு இல்லை. அடிமரங்கள் மட்டும் வரிசையாக நின்றன. நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. முந்தின நாள் மழை கீறிவிட்ட கோடுகள் வழியாகச் செம்மண் வழிந்து, நேராக ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓடைதான் லயத்துக் குழாய்க்கு வரும் ஓடை.

“இதையா அழகா வரையச் சொல்றாங்க?” அம்சவல்லி காலடி மண்ணை உதைத்தாள். “வரையறேன். இருக்கிறத அப்படியே வரையறேன்!”

“வரைஞ்சா தலைமையாசிரியர் கிழிச்சுப் போட்டுடுவாருடி.”

அம்சவல்லி யோசித்தாள். போன வாரம் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் பாத்தேக் துணியைக் காட்டிச் சாம்பசிவம் சார் சொன்னது நினைவுக்கு வந்தது: மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளை மெழுகுவத்தியை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தாளின் மேல் அழுத்தி அழுத்தித் தேய்த்து வரைந்தாள்.

சீதா குனிந்து பார்த்தாள். “ஒண்ணுமே தெரியலையே!”

“இப்போ தெரியக் கூடாது.”

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படம் எங்க?”

“உள்ள இருக்கு, சார்.”

அவர் திட்ட வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. சாம்பசிவம் சார் தாளை வாங்கிப் பலகையில் மாட்டினார்.

ஜீப்பிலிருந்து இறங்கி வந்த நாகரத்தினம் துரை முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். பலகையில் மாட்டியிருந்த வெறும் தாளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். “இது என்ன?”

பின்வரிசையிலிருந்து அம்சவல்லி எழுந்தாள். கையில் லயத்துக் குழாயில் பிடித்துவந்த ஒரு வாளித் தண்ணீர், அகலமான ஒரு தூரிகை.

“அம்சவல்லி, உக்காரு!” என்றார் தலைமையாசிரியர்.

அவள் உட்காராமல் முன்னால் வந்து நின்றாள். “இந்தத் தண்ணியால நீங்களே பூசிப் பாருங்க, ஐயா.”

துரை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “பெயிண்ட்டா?”

“இல்லீங்க ஐயா. எங்க வீட்டுக் குடிதண்ணி.”

அவர் சிரிப்பு நின்றது. தூரிகையை முக்கித் தாளில் இழுத்தார். தாள் பழுப்பாக மாற, மெழுகுக் கோடுகள் வெள்ளையாக எழுந்தன. முதலில் ஒரு பெரிய சூரியன். அதன் கீழே மொட்டை மலை, அடிமரங்கள். மண்ணைச் சுமந்துவரும் ஓடை. தேயிலை நிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவளைச் சுற்றி வாளிகளோடு பிள்ளைகள்.

அப்போது முதல் வகுப்புச் சிங்காரம் கையைத் தூக்கினான்.

“சார், துரை சட்டையும் பழுப்பாயிடுச்சு. அவரும் பின்வரிசையா?”

துரையின் வெள்ளை முழுக்கைச் சட்டையில் செம்மண் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார்.

துரை சிரிக்கவில்லை. “இத யார் வரையச் சொன்னது?”

“யாரும் சொல்லல. எனக்குக் கோபம், ஐயா. காட்ட வெட்டுனதுல நிழல் போச்சு, பனி போச்சு. வெயில்ல எங்கம்மா மயங்கி உக்காந்துட்டாங்க. மழை பெஞ்சா மலையே பைப்புல வருது. அழுக்குச் சட்டைன்னு எங்களப் பின்னால உக்கார வைக்கிறாங்க!”

சொல்லி முடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கோபமாக இருந்தது.

“அந்த மலைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ,” என்றார் துரை.

அன்றே போனார்கள். சாம்பசிவம் சாரும் கூட வந்தார். துரை ஓடைக்கரையில் இறங்கி, கலங்கிய தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

மறுநாள் லயத்துக்கு லோரியில் நல்ல தண்ணீர் வந்தது. ஓடைக்கு இரண்டு பக்கமும் இனி மரத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவும் வந்தது. வெட்டிய சரிவில் நடுவதற்கு மரக்கன்றுகள் வந்து இறங்கின. சில மாதங்களில் குழாயில் தண்ணீர் தெளிந்தது. ஆனால் மலையின் மறுபக்கத்தில் காடு வெட்டுவது நிற்கவில்லை. வெயிலும் குறையவில்லை.

“இப்போ கோபம் போயிடுச்சா?” என்று சாம்பசிவம் சார் ஒருநாள் கேட்டார்.

“பாதி போயிடுச்சு, சார்,” என்றாள் அம்சவல்லி. “மீதிய வச்சிருக்கேன். மலையோட அந்தப் பக்கத்துக்கு வேணும்.”