தாள் உரித்த இசைத்தட்டு

வெர்னா வந்தபோது ஹாலிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிராங்க்ஸில் முப்பது வருஷம் போலீஸ் வேலை பார்த்த மனிதர். கதவைத் தட்டுகிற யாரையும் அவர் நம்புவதில்லை.

"என் தம்பியோட பாட்டுத் தட்டை யாரோ எடுத்துட்டாங்க, மிஸ்டர் ஹாலிஸ்."

தம்பி டேரல் போன மாசம் கார் மோதிச் செத்தவன். இந்த வாரம் ஒரு ஆல்பம் வந்திருந்தது. மேளமும் இயந்திரம், பேச்சும் இயந்திரம். தெருவெல்லாம் அதுதான் அலறியது. அட்டையில் அவன் கூட்டாளி லமோன்ட் பெயர் மட்டும். அத்தனையும் டேரல் தன் அறையில் செய்தது என்றாள் வெர்னா. அவன் முதலில் பாட்டைப் பதிந்து வெட்டிய ஒற்றைத் தட்டில், நடுவில் ஒட்டிய தாளில், அவன் கையெழுத்து இருந்தது. அதை நாளைக்கு ஆல்பம் வெளியிட்ட கம்பெனியில் காட்டினால்தான் அவன் பெயரைப் போடுவார்கள். அந்தத் தட்டு சாவு வீட்டுக் கூட்டத்தில் காணாமல் போயிருந்தது.

"லமோன்ட்தான்! சாவு வீட்டுல கோழி வறுவலை ரெண்டு தடவை வாங்கித் தின்னான், நான் பார்த்தேன்" என்று குதித்தார் ஹாலிஸோடு சாப்பிட உட்கார்ந்திருந்த சலூன்காரர் ரூஃபஸ்.

"நீ மூணு தடவை தின்னே. வாயை மூடிட்டு வா" என்று எழுந்தார் ஹாலிஸ்.

வெர்னா வீட்டில் அவள் அப்பா ஐசக் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கொதிகலன் அறையில் உழைத்துக் கெட்ட நெஞ்சு. இரண்டு இருமல், பிறகு விசில் மாதிரி ஒரு இழுப்பு. வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டேரலின் பெட்டியில் எந்தத் தட்டின் நடுவிலும் பெயர் போட்ட தாள் இல்லை.

"எல்லாம் ஏன் மொட்டையா இருக்கு?" என்றார் ரூஃபஸ்.

"அவன் ஆட்டத்துக்குத் தட்டு போடுற இடத்துல போட்டிக்காரங்க எட்டிப் பார்த்துப் பாட்டுப் பேரைத் தெரிஞ்சுக்குவாங்களே. அதான் வெந்நீர்ல ஊறப்போட்டு உரிச்சிடுவான். அப்பாதான் தண்ணி பிடிச்சுக் கொடுப்பார்" என்றாள் வெர்னா.

ஹாலிஸ் குளியலறைக்குப் போனார். தொட்டியின் துவாரத்தில் விரலை விட்டுத் துழாவினார். நகச்சாயம் காய்ந்தது மாதிரி கறுப்புச் செதில்கள் வந்தன. சமையலறையில் பூந்தொட்டிக்குக் கீழே தட்டு அளவில் ஒரு வெள்ளைத் தகடு; நடுவில் சின்ன ஓட்டை.

"ரூஃபஸ், லமோன்ட்டைக் கூட்டிட்டு வா. ஆல்பத்தோட."

வந்தவன் வாசலிலேயே நின்றான். "நான் திருடல. பெட்டியைத் தொடக்கூட இல்ல."

"தெரியும்" என்றார் ஹாலிஸ். "திருடினவன் தட்டை எடுத்துட்டு ஓடுவான், இங்கயே குளிப்பாட்ட மாட்டான். கடைத் தட்டு முழுக்க பிளாஸ்டிக், வெந்நீர் ஒண்ணும் பண்ணாது. டேரல் வெட்டினது தகடு, மேல கறுப்புப் பூச்சு. ஊறினா பாட்டோட உரிஞ்சு போயிடும். தட்டை ஊறப்போடணும்னு யாருக்குத் தோணும்? இந்த வீட்டுல தண்ணி பிடிச்சுப் பழகினவருக்கு."

வெர்னா அப்பாவைப் பார்த்தாள். "அப்பா?"

கிழவர் சன்னலை விட்டுத் திரும்பினார். "வீடு நிறைய கண்டவனுங்க. அவன் பேர் எழுதின தட்டு மேலாப்புல கிடந்துச்சு. எவனும் படிச்சிடக் கூடாதேன்னு... அவன் இருந்தா அதைத்தானே பண்ணியிருப்பான்? கறுப்பா பிரிஞ்சு வந்துச்சும்மா. உங்கிட்ட சொல்ல வாய் வரல."

லமோன்ட் மெல்ல மூச்சு விட்டான். அந்த மூச்சில் நிம்மதி இருந்ததை ஹாலிஸ் கவனித்தார்.

"ஆல்பத்தைப் போடு."

இயந்திர மேளம் அதிர்ந்தது. நடுவில் இரண்டு அடி, பிறகு விசில் மாதிரி ஒரு இழுப்பு, திரும்பத் திரும்ப. தெருவே அதற்குத்தான் ஆடியது, ஏதோ இயந்திரச் சத்தம் என்று நினைத்து.

ஐசக்குக்கு இருமல் வந்தது. இரண்டு இருமல், ஒரு இழுப்பு. பாட்டும் அதையே சொன்னது. ரூஃபஸ் வாயைப் பிளந்தார்.

"அது நான்" என்றார் ஐசக். "இருமினா, 'கதவைச் சாத்துப்பா, பாட்டு கெடுது'ன்னு கத்துவான். ஏன் அழிக்காம விட்டான்?"

லமோன்ட் தரையைப் பார்த்தான். "எடுத்துடுன்னு நான் எவ்வளவோ சொன்னேங்கய்யா. அவன்தான் முடியாதுன்னுட்டான்."

"அப்போ யார் பாட்டுன்னு நீயே சொல்லிட்டே" என்றார் ஹாலிஸ். "நாளைக்கு இவகூடப் போய் கம்பெனியிலயும் சொல்லு."

அவன் தலையாட்டினான். வெர்னா அழுதாள். ரூஃபஸ் தட்டை நிறுத்தப் போனார்.

"விடு" என்றார் ஐசக். வாயைத் துண்டால் பொத்தி இருமலை அடக்கிக்கொண்டார், பாட்டு கெட்டுவிடாமல்.