பதினோரு தட்டுகள்

கொடைக்கானல் பேருந்து வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், ஜோபினும் தொடங்கிவிட்டான். தாத்தா வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டார் இந்த வருடம் என்ன நிறம்? வளைவுக்கு வளைவு இதே கேள்வி. மலைப்பாதையில் வளைவுக்கா பஞ்சம்? போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி அக்கா அமலிக்கு வாய் வலித்தது. அவளுக்கு வயது பதினொன்றுதான். ஆனால் ஐந்து வயதில் ஒரு தம்பியும் மூன்றரை வயதில் மெர்சி என்று ஒரு தங்கையும் இருந்தால், பொறுமை தானாக வந்துவிடும்.

போய்ப் பார்த்தார்கள். வில்பட்டி சாலையை ஒட்டிய அந்தச் சரிவான தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கியது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எல்லா நிறமும் இருந்தது. தாத்தா வீட்டு வாசலில் மட்டும் ஒன்றையும் காணோம்.

அமலிக்குக் காரணம் தெரியும். ஆகஸ்ட் மாதம் அப்பத்தா, அதாவது அப்பாவின் அம்மா, இறந்துபோனார். வீட்டில் ஒருவர் இறந்தால், அதற்குப் பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்ட மாட்டார்கள். பலகாரம் சுட எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வருவதோடு சரி. அம்மா இதைப் பேருந்து ஏறும் முன்பே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஜோபின் நன்றாகத் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் காதில் வாங்கிக்கொண்டான் என்று அர்த்தமா என்ன?

தாத்தா சவரிமுத்து அதே மலைப்பாதையில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். பேச உட்கார்ந்தால் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் வரும். இந்த முறை, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவர் தெருப்பக்கமே வருவதில்லை என்று பக்கத்து வீட்டு மதீனா பீவி அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

மறுநாள் இருபத்து மூன்றாம் தேதி. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. கேரல் பாடுகிற கூட்டம் வந்துவிட்டது. ஜோபினும் மெர்சியும் ஓடிப்போய் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். பஞ்சுத் தாடியும் சிவப்பு அங்கியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா குதித்துக் குதித்து ஆடினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பாட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மிட்டாய். மதீனா பீவி வீட்டு வாசலில்கூட ஒரு பாட்டு பாடினார்கள். அடுத்தது இந்த வீடுதான்.

டிரம் நின்றது. பாட்டும் நின்றது. கிறிஸ்துமஸ் தாத்தா ஆடாமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அத்தனை பேரும் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அடுத்த வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் டிரம் மறுபடி முழங்கியது.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கும் நம் தாத்தாவுக்கும் சண்டையா என்று மெர்சி கேட்டாள். அமலிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஜோபினின் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"நான் மெர்சி கையக் கடிச்சேன்ல, அதான் அவரு வரல. என்னாலதான் யாருக்கும் முட்டாய் இல்ல" என்று சொல்லி அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

அம்மா தூக்கி வைத்துச் சமாதானம் சொன்னார். அப்பா சொன்னார். அவன் கேட்டால்தானே! அழுது அழுது அப்படியே தூங்கிப்போனான். இதையெல்லாம் அறைவாசலில் நின்று தாத்தா பார்த்துக்கொண்டிருந்ததை அமலி கவனித்தாள்.

"பச்சப் பிள்ளைகளப் போட்டு எதுக்கு வாட்டணும்?" என்றார் அவர் அப்பாவிடம். "வத்தலக்குண்டுல அவுக அம்மாச்சி வீட்ல ஸ்டாரு இருக்கு, பலகாரம் இருக்கு. நாளைக்கு நாலு மணி வண்டிக்குக் கெளம்பிருங்க."

அவரையும் கூடவே வரச் சொல்லி அப்பா கெஞ்சிப் பார்த்தார். அவள் இருந்த வீட்டை விட்டுவிட்டு நான் எங்கே வர என்று தாத்தா உள்ளே போய்விட்டார்.

 கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தாத்தா தனியாக உட்கார்ந்திருப்பாரா? அதை நினைத்துப் பார்க்கவே அமலிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என்ன செய்வது என்றும் புரியவில்லை.

விடிந்ததும் தட்டுகள் வரத் தொடங்கின. துக்க வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள் என்பதால் தெருவே சுட்டு அனுப்பியது. ஒரு தட்டில் முறுக்கு, ஒரு தட்டில் அதிரசம், இன்னொன்றில் கல்கல். மதீனா பீவி ரோஸ் நிறத்தில் கடல்பாசி இனிப்பு செய்து கொண்டுவந்தார். இத்தனை வருடமாக இந்த வீட்டுத் தட்டு தன் வீட்டுக்கு வந்ததாம், இந்த வருடம் தன்னுடைய முறையாம். மதியத்துக்குள் மேசைமேல் பதினோரு தட்டுகள் சேர்ந்துவிட்டன.

அம்மா பலகாரங்களை டப்பாக்களில் கொட்டிவிட்டுத் தட்டுகளைக் கழுவி அடுக்கினார். வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. பலகாரமும் வைக்க முடியாது. ஆளுக்கு ஒரு கை சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கலாம் என்று அம்மா சர்க்கரை டப்பாவைத் திறந்தார். தனி ஆள் இருக்கிற வீட்டு டப்பா அது. தட்டினாலும் கவிழ்த்தாலும் இரண்டு தட்டுக்கு மேல் தேறாது.

வேறு ஏதாவது கிடைக்குமா என்று அமலி வீட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு பாத்தி நிறைய கேரட் நின்றது. முழங்கால் உயரத்துக்குத் தழை. மண்ணுக்கு மேலே ஆரஞ்சுத் தலைகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. இவ்வளவு முற்றும்வரை யாராவது விட்டு வைப்பார்களா? தழையில் கை வைத்தபடி, பின்வாசலில் நின்ற தாத்தாவிடம் கேட்டாள்.

"அது ஒங்க அப்பத்தா வெதச்சது. கடைசியா வெதச்சது" என்றார் தாத்தா.

அமலி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பாத்தி ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தாள். ஒரு கேரட் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்றும் அப்படித்தான்.

"வெடிக்க ஆரம்பிச்சிருச்சு தாத்தா" என்றாள் மெதுவாக. "இத நம்ம தட்டுல வச்சுக் குடுப்பமா? அப்பத்தாவே குடுத்த மாதிரி இருக்கும்."

தாத்தா பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று அமலிக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் அவர் படி இறங்கி வந்தார். பாத்தியில் குனிந்து முதல் கேரட்டைத் தானே பிடுங்கினார். அதிலிருந்த மண்ணைத் தன் துண்டாலேயே துடைத்தார்.

"ஏலே ஜோபினு, இங்க வா. தழையச் சேத்துப் பிடிச்சு இழு."

ஜோபின் இழுத்த இழுப்பில் கேரட்டும் வந்தது, அவனும் மல்லாக்க விழுந்தான். மெர்சி கைதட்டிச் சிரித்தாள். தாத்தாவின் மீசையும் லேசாக அசைந்தது.

தட்டுக்கு மூன்று கேரட் வைத்தார்கள். இருப்பதிலேயே பெரியது ரோஸ் பலகாரம் தந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று மெர்சி அடம்பிடித்தாள். தட்டுகள் தயார். இனி யார் கொண்டுபோவது? அம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அப்பா பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தெரு சரிவா இருக்கு தாத்தா. நான் தட்டப் பிடிக்கவா, இவங்க ரெண்டு பேரப் பிடிக்கவா?" என்று அமலி கேட்டாள்.

உண்மையாகவே கை போதவில்லைதான். ஆனால் அதற்காக மட்டும் அவள் கேட்கவில்லை. தாத்தா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

மதீனா பீவி தட்டைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். விதை போட்ட அன்றைக்கு அப்பத்தா வேலியோரம் நின்று அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லிவிட்டு மெர்சியின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

மேல்தெருவில் முருகானந்தம் வீடு. உள்ளே சுவரில் டிரம் மாட்டியிருந்தது. கேரல் கூட்டத்துக்கு வருடா வருடம் டிரம் அடிப்பது அவர்தான். ஜோபின் தாத்தாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் தலையை மட்டும் நீட்டி, நான் தங்கச்சியைக் கடித்ததால்தான் எங்கள் வீட்டில் டிரம் அடிக்கவில்லையா என்று கேட்டான். முருகானந்தத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அமலிதான் நடந்ததைச் சொன்னாள். அவர் குந்தி உட்கார்ந்து ஜோபினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னால இல்லப்பா. நாங்க எப்ப வந்தாலும் ஒங்க அப்பத்தா சுக்குக் காப்பி போட்டு வச்சுட்டு வாசல்ல நிப்பாக. நேத்து அந்த வாசல்ல அவுக இல்ல. எனக்கு அடிக்கக் கையே வரல. அவுகளுக்காகத்தான் சத்தமில்லாம நடந்தோம்."

"அப்பத்தாவுக்கா?"

"ஆமா, அவுகளுக்குத்தான்."

ஜோபின் நன்றாக யோசித்தான். அப்படியானால் தன்மேல் யாருக்கும் கோபம் இல்லை என்று அவனுக்கு விளங்கிவிட்டது. உடனே, அப்போ முட்டாய் என்று கேட்டான். முருகானந்தம் சிரித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு கை நிறைய அள்ளி வந்தார்.

தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்க வீடு என்று ஒதுங்கிப் போகிறார்கள் என்றுதான் அவரும் நினைத்திருந்தாராம். அதை முருகானந்தத்திடமே சொன்னார். சொல்லிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் தாத்தாவே முதலில் பேசினார். இரண்டு வீட்டில் காப்பிகூடக் குடித்தார்.

மீதித் தட்டுகளை எடுக்க வீடு திரும்பியபோது மணி மூன்றரை. அப்பா பைகளோடு வாசலில் நின்றார். இப்போது கிளம்பினால்தான் நாலு மணி வண்டி கிடைக்கும் என்றார். அமலி தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் நாலு தட்டு கெடக்குல்ல" என்றார் தாத்தா.

அதைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகலாமா என்று அப்பா கேட்டார்.

"நாளைக்குப் பெருநாளு. இன்னும் தட்டு வரும். பிள்ளைக இல்லாம நான் எப்படிக் குடுத்து முடிக்க?"

அப்பா பைகளை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அமலி ஓடிப்போய்த் தட்டுகளை எடுத்து வந்தாள். அதற்குள் தாத்தா மெர்சியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தார்.